ஐரோப்பாவும் சீனாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவுடன் ‘ஐரோப்பா’ பேசுகிறது என்கிறார்கள். உண்மையில் பேசுவது யார்?

இது தெரிந்துவிட்டால் மீதிச் செய்திகள் பாதி புரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. வர்த்தகக் கொள்கை முழுவதும் ஒன்றியத்தின் பொறுப்பு. ஜெர்மனியோ மால்ட்டாவோ சீனாவுடன் தனியாக ஒரு வரி ஒப்பந்தம் போட முடியாது. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் விசாரணை நடத்தும், கூடுதல் வரியை முன்மொழியும். அதைத் தடுக்க வேண்டுமானால் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட 15 நாடுகளாவது எதிர்த்து வாக்களிக்க வேண்டும்.

வெளியுறவுக் கொள்கை இதற்கு நேர்மாறானது. அங்கே 27 நாடுகளும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் மனித உரிமை பற்றிய ஓர் அறிக்கைகூட ஒன்றியத்தின் பெயரில் வெளிவராது. துறைமுகத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, தொலைத்தொடர்புக் கருவியை யாரிடம் வாங்குவது, தொழிற்சாலைக்கு யாருக்கு நிலம் தருவது ஆகியவற்றைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசே முடிவு செய்கிறது.

ஆகவே பெய்ஜிங்குக்கு இரண்டு வாசல்கள். பிரஸ்ஸல்ஸ் கதவு மூடியிருந்தால் பெர்லின், ஏதென்ஸ், புடாபெஸ்ட் என்று ஒவ்வொரு தலைநகராகப் போய்த் தட்டலாம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த உறவில் நடந்த பெரிய விஷயங்களில் பெரும்பாலானவை இந்த இரட்டை வாசலின் கதைதான் என்பது என் கருத்து.

உறவு எப்போது தொடங்கியது?

தனித்தனி நாடுகளாகப் பார்த்தால் 1950இலேயே பிரிட்டன், சுவீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்றவை மக்கள் சீனக் குடியரசை அங்கீகரித்துவிட்டன. பனிப்போரின் நடுவே, 1964 ஜனவரியில், டி கோலின் பிரான்ஸ் எடுத்த முடிவு வாஷிங்டனை எரிச்சலூட்டியது. மேற்கு ஜெர்மனி 1972இல் வந்தது. இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1975 மே மாதம் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது. 1978இல் வர்த்தக ஒப்பந்தம், 1985இல் அதைவிட விரிந்த வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தம். இந்த 1985 ஒப்பந்தம்தான் இன்றும் சட்ட அடிப்படை. அதன்பின் உலகமே மாறிவிட்டது, அதற்கு மாற்றாக ஒரு புது ஒப்பந்தம் மட்டும் இன்னும் வரவில்லை.

1989இல் விதித்த ஆயுதத் தடை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. மாணவர் போராட்டத்தை ஒடுக்கிய தியானன்மென் படுகொலைக்குப் பிறகு அந்த ஜூன் மாதமே மாட்ரிட்டில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் அறிவித்தது. 2004–05இல் பிரான்சும் ஜெர்மனியும் அதை நீக்கப் பார்த்தன. அமெரிக்காவின் எதிர்ப்பாலும், தைவான் மீது படைபலத்தைப் பயன்படுத்த இடம் தரும் பிரிவினைத் தடுப்புச் சட்டத்தைச் சீனா 2005 மார்ச்சில் இயற்றியதாலும் அந்த முயற்சி நின்றுபோனது.

வர்த்தகம் எவ்வளவு பெரியது? ஐரோப்பா ஏன் பற்றாக்குறை பற்றி ஓயாமல் பேசுகிறது?

2024இல் ஒன்றியம் சீனாவிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 52,000 கோடி யூரோ. சீனாவுக்கு விற்றது சுமார் 21,300 கோடி யூரோ. இடைவெளி 30,000 கோடி யூரோவுக்கும் மேல்.

பற்றாக்குறை இருப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பியக் குடும்பங்கள் மலிவான மடிக்கணினியும் கைப்பேசியும் வாங்குகின்றன, அதனால் அவர்களுக்கு லாபம்தான். பிரஸ்ஸல்ஸின் வாதம் வேறு. சீனாவில் அரசு வங்கிகள், மாகாண அரசுகள், நில ஒதுக்கீடு, வரிச்சலுகை எல்லாம் சேர்ந்து ஒரு தொழிலைத் தூக்கிவிடுகின்றன. உள்நாட்டு மக்கள் வாங்கக்கூடியதைவிட மிக அதிகமாக உற்பத்தி பெருகி, மிச்சம் வெளிச்சந்தைக்கு வருகிறது. அதே சமயம் சீனாவில் அரசுக் கொள்முதல், மருத்துவக் கருவி, நிதிச்சேவை போன்ற துறைகளில் ஐரோப்பிய நிறுவனங்களுக்குத் தடைகள். சீனாவின் பதில்: எங்கள் பொருள் மலிவாக இருப்பதற்குக் காரணம் போட்டியும் திறமையும்தான், உங்கள் தொழில்கள் பின்தங்கியதற்கு நாங்கள் பொறுப்பல்ல. உயர் தொழில்நுட்பப் பொருள்களை எங்களுக்கு விற்க மறுத்துவிட்டுப் பற்றாக்குறை என்று புலம்புவது ஏன் என்றும் சீனா கேட்கிறது. டச்சு நிறுவனமான ஏஎஸ்எம்எல் தன் அதிநவீன சிப் தயாரிப்பு இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்க அனுமதியில்லை என்பதால், இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

சூரியத் தகடு விவகாரம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

பின்னால் வந்த எல்லாச் சண்டைகளுக்கும் ஒத்திகை போல 2013இல் நடந்தது. ஜெர்மனி ஒரு காலத்தில் சூரியத் தகடு தயாரிப்பில் முன்னணியில் இருந்தது. சீனத் தகடுகள் வந்து குவிந்ததும் ஜெர்மன் நிறுவனங்கள் தள்ளாடின. கியூ-செல்ஸ் 2012இல் திவாலானது. அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்ற புகாரை ஆணையம் விசாரித்து, 2013 ஜூன் முதல் 11.8 சதவீதத் தற்காலிக வரி விதித்தது. ஆகஸ்டில் அது சராசரியாக 47.6 சதவீதமாக உயரும் என்றும் அறிவித்தது.

அதே ஜூனில் சீனா ஐரோப்பிய ஒயின் மீது விசாரணையைத் தொடங்கியது. ஒயின் என்றால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின். தகடு வரியை ஆதரித்த பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளின் திராட்சை விவசாயிகள் மீது அடி விழுந்தது. மறுபக்கம் ஜெர்மனியின் சான்சலர் மெர்க்கெலே வரியை எதிர்த்தார். ஜெர்மனியின் கார்களுக்கும் இயந்திரங்களுக்கும் சீனா பெரிய சந்தை. வீட்டு ஆதரவே இல்லாத ஆணையம் ஜூலை கடைசியில் சமரசத்துக்கு வந்தது: ஒரு வாட்டுக்கு இத்தனை சென்ட்டுக்குக் கீழே விற்க மாட்டோம் என்று சீன நிறுவனங்கள் உறுதி தந்தால் வரி இல்லை. அந்த ஏற்பாடும் 2018 செப்டம்பரில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மன் தகடு நிறுவனமான சோலார்வேர்ல்ட் திவாலாகியிருந்தது. இன்று ஐரோப்பா இறக்குமதி செய்யும் தகடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவுடையவை.

மலிவுத் தகடுகளால் ஐரோப்பா வேகமாகத் தூய மின்சாரத்துக்கு மாற முடிந்தது, அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்தத் தொழிலைக் காப்பது, எதை விடுவது என்று ஐரோப்பா உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல அது. யார் முதலில் கலங்குவார்கள் என்று பெய்ஜிங் கணக்கிட்டது, கணக்கு சரியாக இருந்தது.

கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தைச் சீனா ‘பிடித்துக்கொண்டது’ என்பது சரியா?

பிடித்துக்கொள்ளவில்லை, விற்பனைக்கு வந்தது, வாங்கியது. விற்கச் சொன்னதில் ஐரோப்பாவுக்கும் பங்குண்டு.

சீன அரசு நிறுவனமான காஸ்கோ 2009இலேயே அங்கே இரண்டு சரக்குப் பெட்டக முனையங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருந்தது. பிறகு கடன் நெருக்கடி முற்றியது. கடன் கொடுத்த ஐரோப்பிய நாடுகளும் சர்வதேச நிதியமும் பொதுச் சொத்துகளை விற்கச் சொல்லி ஏதென்ஸை நெருக்கின. 2016இல் துறைமுக நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 28.05 கோடி யூரோவுக்கு காஸ்கோ வாங்கியது. 2021இல் அது 67 சதவீதமானது. துறைமுகம் வளர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. 2010இல் பத்து லட்சத்துக்கும் குறைவான பெட்டகங்களைக் கையாண்ட இடம், 2019இல் 56 லட்சத்தைத் தொட்டது. தொழிலாளர் சங்கங்கள் வேலைப் பாதுகாப்புக்காகப் பலமுறை வேலைநிறுத்தம் செய்ததும் அதே துறைமுகத்தில்தான்.

2017 ஜூனில், ஐநா மனித உரிமைக் கவுன்சிலில் சீனாவை விமர்சிக்க இருந்த ஒன்றிய அறிக்கையைக் கிரேக்கம் தடுத்தது. ஒன்றியத்தின் பெயரில் அந்த அவையில் இப்படி ஓர் அறிக்கை நின்றுபோனது அதுவே முதல்முறை. துறைமுகத்துக்காகத்தான் என்று கிரேக்க அரசு சொல்லவில்லை, அத்தகைய விமர்சனத்தால் பயனில்லை என்றது. ஆனால் சக நாடுகள் சொத்தை விற்கச் சொன்னபோது வாங்க முன்வந்தவரைப் பகைத்துக்கொள்ள ஏதென்ஸுக்கு என்ன காரணம் இருந்தது? கிரேக்கத்தைக் குறை சொன்ன ஐரோப்பியத் தலைவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவின் மனநிலை எப்போது மாறியது?

2016இல் ஜெர்மனியின் ரோபோ நிறுவனமான கூகாவைச் சீனாவின் வீட்டுச்சாதன நிறுவனமான மீடியா (Midea) வாங்கியது பெர்லினில் பலரை உலுக்கியது. 2019 மார்ச்சில் ஆணையம் வெளியிட்ட ஆவணம் சீனாவை ஒரே நேரத்தில் கூட்டாளி, பொருளாதாரப் போட்டியாளர், மாற்று ஆட்சிமுறையை முன்னிறுத்தும் எதிராளி என்று மூன்று விதமாக வரையறுத்தது. அதே மாதம் இத்தாலி, சீனாவின் ‘மண்டலமும் பாதையும்’ (Belt and Road) உள்கட்டமைப்புத் திட்டத்தில் சேர்ந்தது, ஜி7 நாடுகளில் முதலாவதாக. 2023 டிசம்பரில் விலகியது. வெளிநாட்டு முதலீடுகளைப் பரிசீலிக்கும் ஒன்றியச் சட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன், சீனாவிடமிருந்து துண்டித்துக்கொள்வது சாத்தியமும் அல்ல, நல்லதும் அல்ல, ஆனால் அபாயத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அதுவே இன்றைய அதிகாரபூர்வ நிலைப்பாடு.

முதலீட்டு ஒப்பந்தம் என்ன ஆனது?

ஏழு ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2020 டிசம்பர் 30 அன்று, கொள்கையளவில் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மெர்க்கெல் அதற்காக உழைத்தார். பைடன் பதவியேற்க மூன்று வாரமே இருந்தது, காத்திருக்கலாம் என்ற குரல்கள் எடுபடவில்லை.

2021 மார்ச் 22 அன்று ஷின்ஜியாங்கில் உய்குர் மக்கள் மீதான ஒடுக்குமுறைக்காக நான்கு அதிகாரிகள் மீதும் ஓர் அமைப்பின் மீதும் ஒன்றியம் தடை விதித்தது. தியானன்மெனுக்குப் பின் இத்தகைய முதல் தடை. சில மணி நேரத்திலேயே சீனா பத்துப் பேர் மீதும் நான்கு அமைப்புகள் மீதும் எதிர்த்தடை போட்டது. அந்தப் பட்டியலில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐவர் இருந்தார்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய அவையின் உறுப்பினர்களையே தடை செய்தால் அந்த அவை என்ன செய்யும்? மே மாதம் 599 வாக்குகளுடன் ஒப்பந்தப் பரிசீலனையை முடக்கியது. எதிர்த்தவர்கள் 30 பேர் மட்டுமே. 2025 ஏப்ரலில் சீனா நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீதான தடையை நீக்கியது. ஒப்பந்தம் எழுந்திருக்கவில்லை.

லிதுவேனியாவுக்கு நேர்ந்தது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லிதுவேனியா 28 லட்சம் மக்கள் கொண்ட பால்டிக் நாடு. சோவியத் பிடியிலிருந்து 1990இல் முதலில் விடுதலை அறிவித்த நாடு என்ற நினைவு அங்கே இன்னும் சூடாக இருக்கிறது. சீனா 2012இல் நடு, கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கென்று தனியாக அமைத்த 17+1 குழுவிலிருந்து 2021 மே மாதம் லிதுவேனியா வெளியேறியது. அதே ஆண்டு நவம்பரில் தலைநகர் வில்னியஸில் தைவானின் அலுவலகம் திறக்க அனுமதித்தது. பல ஐரோப்பிய நகரங்களில் அப்படி அலுவலகம் உண்டு, ஆனால் பெயர்ப்பலகையில் ‘தைபே’ என்றுதான் இருக்கும். வில்னியஸில் ‘தைவானியப் பிரதிநிதி அலுவலகம்’ என்று வைத்தார்கள். தைவானைத் தனி நாடாகக் காட்டுவதாக பெய்ஜிங் கொதித்தது. தூதரை ஏற்கனவே ஆகஸ்டில் திருப்பி அழைத்திருந்தது, இப்போது உறவின் நிலையையே தாழ்த்தியது.

டிசம்பர் தொடக்கத்தில் லிதுவேனிய ஏற்றுமதியாளர்கள் சீனச் சுங்கத்துறையின் கணினியில் தங்கள் நாட்டின் பெயரே இல்லாததைக் கண்டார்கள். பெயர் இல்லை என்றால் சரக்கை இறக்க முடியாது. தடை விதித்ததாக பெய்ஜிங் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. சீனத் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட லிதுவேனிய ரம் புட்டிகளைத் தைவான் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது; அதை எப்படிக் குடிப்பது, எதில் கலப்பது என்று தைவானில் மக்களுக்குக் குறிப்புகள்கூட வெளியிட்டார்கள்.

லிதுவேனியாவின் நேரடி ஏற்றுமதியில் சீனாவின் பங்கு சுமார் ஒரு சதவீதம்தான். அத்தோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். லிதுவேனிய உதிரிபாகம் கலந்த ஜெர்மன், பிரெஞ்சுப் பொருள்களும் சீனச் சுங்கத்தில் சிக்கத் தொடங்கின. உடனே அழுத்தம் உள்ளிருந்தே வந்தது. ஜெர்மனி–பால்டிக் வர்த்தகச் சபை, தீர்வு காணாவிட்டால் ஜெர்மன் முதலீட்டாளர்கள் லிதுவேனிய ஆலைகளை மூட நேரலாம் என்று வில்னியஸுக்குக் கடிதம் எழுதியது. 2022 ஜனவரியில் அதிபர் நௌசேடாவே அலுவலகம் திறந்தது தவறல்ல, பெயர்தான் தவறு என்றார்.

அதே ஜனவரியில் ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2022இன் முதல் பத்து மாதங்களில் லிதுவேனியாவின் சீன ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிட 80 சதவீதம் சரிந்ததாக ஆணையமே கணக்குச் சொன்னது. ஆனாலும் 2024 ஜனவரியில் வழக்கை நிறுத்திவைக்கக் கேட்டது. ஓராண்டுக்குள் மீண்டும் எடுக்காததால் 2025 ஜனவரியில் காலாவதியானது. எழுத்தில் இல்லாத தடையை நிரூபிப்பது கடினம் என்பது உண்மை. ஆனாலும் ஒரு சிறிய உறுப்பு நாட்டுக்காகத் தொடுத்த வழக்கு இப்படித் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது எனக்கு ஏமாற்றம்.

அதிலிருந்து ஐரோப்பா எதையும் கற்றுக்கொள்ளவில்லையா?

ஒரு சட்டம் வந்தது. வற்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம், 2023 டிசம்பர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்பு நாடு ஒன்றைப் பொருளாதார வலிமையால் மிரட்டும் நாட்டின் மீது வரி, கொள்முதல் தடை, முதலீட்டுக் கட்டுப்பாடு போன்றவற்றை ஒன்றியம் விதிக்கலாம். ஒரு நாடு மட்டும் மறுத்து இதைத் தடுக்க முடியாது என்பதே இதன் பலம். 2025 முடியும்வரை ஒருமுறைகூட இதைப் பயன்படுத்தவில்லை.

மின்சார கார் வரிச் சண்டையில் யார் எந்தப் பக்கம்?

2023 செப்டம்பரில் ஃபொன் டெர் லையன், சீனாவில் தயாராகும் மின்சார கார்களுக்குக் கிடைக்கும் அரசு மானியம் பற்றிய விசாரணையை அறிவித்தார். 2024 அக்டோபர் 4 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 10, எதிர்ப்பு 5, நடுநிலை 12. எதிர்த்தவை ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, மால்ட்டா. தடுக்கும் பெரும்பான்மை சேராததால் மாத இறுதியில் ஐந்தாண்டு வரி அமலுக்கு வந்தது. வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3, ஷாங்காயில் தயாராகும் டெஸ்லாவுக்கு 7.8 சதவீதம். ஆணையம் கண்டறிந்த மானியத்தின் அளவையும், விசாரணைக்கு நிறுவனம் ஒத்துழைத்ததையும் பொறுத்து விகிதம் மாறியது.

சீனாவின் பதிலடி பழைய ஒயின் பாடத்தை இன்னும் நுட்பமாகச் செய்தது. வரியை முன்னின்று ஆதரித்த பிரான்சுக்கு பிராந்தி. பன்றி இறைச்சியை அதிகம் விற்கும் ஸ்பெயினுக்குப் பன்றி இறைச்சி. பிறகு பால்பொருள்கள். 2024 செப்டம்பரில் சீனா சென்ற ஸ்பெயின் பிரதமர் சான்செஸ் அங்கிருந்தே இந்த வரியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அக்டோபர் வாக்கெடுப்பில் ஸ்பெயின் நடுநிலை வகித்தது. பிராந்திக்குப் பெயர்போன கொன்யாக் பகுதி விவசாயிகள் பாரிஸ் அரசு தங்களைப் பலிகொடுத்ததாகக் குமுறினார்கள். கார் தொழிலாளியின் வேலையைக் காக்க திராட்சை விவசாயி விலை கொடுப்பது நியாயமா என்ற அவர்களின் கேள்வி முற்றிலும் சரியானது. ஒன்றியம் இழப்பைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி செய்யாதவரை ஒவ்வொரு முறையும் இப்படித்தான் பிளவுபடும்.

ஹங்கேரி மட்டும் ஏன் சீனாவோடு இவ்வளவு நெருக்கம்?

ஆலைகள். டெப்ரெசெனில் சீனாவின் சிஏடிஎல் நிறுவனத்தின் 730 கோடி யூரோ மின்கலத் தொழிற்சாலை, செகெட்டில் பிஒய்டி கார் ஆலை, புடாபெஸ்ட்–பெல்கிரேட் ரயில் பாதை. ஒன்றியத்துக்குள் ஆலை வைத்தால் இறக்குமதி வரியே இல்லை என்பதால் சீன நிறுவனங்களுக்கும் லாபம். 2024 மே மாதம் ஷி ஜின்பிங் ஐரோப்பாவில் போன நாடுகள் மூன்று: பிரான்ஸ், செர்பியா, ஹங்கேரி.

உக்ரைன் போர் இதில் எப்படி நுழைந்தது?

ரஷ்யா படையெடுப்பதற்கு மூன்று வாரம் முன்பு, 2022 பிப்ரவரி 4 அன்று, புதினும் ஷியும் தங்கள் நட்புக்கு எல்லையில்லை என்று அறிவித்தார்கள். சீனா ஆயுதம் தருவதில்லை என்கிறது. ஆனால் ராணுவத்துக்கும் உதவக்கூடிய மின்னணுப் பொருள்கள் சீனா வழியாக ரஷ்யாவுக்குப் போகின்றன என்பது ஐரோப்பாவின் குற்றச்சாட்டு. 2025 ஜூலையில் ஒன்றியம் இரண்டு சிறிய சீன வங்கிகளையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்டில் சீனா பதிலுக்கு இரண்டு ஐரோப்பிய வங்கிகள் மீது தடை விதித்தது. இரண்டுமே லிதுவேனிய வங்கிகள்.

அரிய மண் தனிமங்கள் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

மின்சார கார் மோட்டார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றுக்கும் தேவையான நிரந்தரக் காந்தங்களில் மிகப் பெரும்பகுதியை ஐரோப்பா சீனாவிடம் வாங்குகிறது. 2025 ஏப்ரலில், அமெரிக்காவுடனான வரிப்போரின் நடுவே, ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தது. குறி வாஷிங்டன், ஆனால் சில வாரங்களில் ஐரோப்பாவில் உதிரிபாக ஆலைகள் சில நின்றன.

அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில், சீன நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தின் நிர்வாகத்தில் தலையிட, பனிப்போர்காலச் சட்டம் ஒன்றை டச்சு அரசு தூசுதட்டி எடுத்தது. சீனா தன் நாட்டிலுள்ள நெக்ஸ்பீரியா ஆலையிலிருந்து ஏற்றுமதியை நிறுத்தியது. சில ரூபாய் விலையுள்ள எளிய சிப்கள்தான் அவை. அவை இல்லாமல் கார் ஆலைகள் திணறின. நவம்பரில் டச்சு அரசு தன் உத்தரவை நிறுத்திவைத்தது.

ஐம்பதாம் ஆண்டு உச்சிமாநாடு எப்படி நடந்தது?

முறைப்படி அது பிரஸ்ஸல்ஸில் நடக்க வேண்டும். ஷி வர விரும்பாததால் 2025 ஜூலை 24 அன்று பெய்ஜிங்கில் நடந்தது, இரண்டு நாள் நிகழ்ச்சி ஒரே நாளாகச் சுருங்கியது. காலநிலை பற்றிய ஒரு கூட்டறிக்கை மிஞ்சியது. உறவு ஒரு திருப்புமுனையில் நிற்கிறது என்று ஃபொன் டெர் லையன் ஷியிடமே சொன்னார்.

ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகள் தனியாக நன்றாகச் சமாளிக்கின்றனவா?

சுவிட்சர்லாந்தும் ஐஸ்லாந்தும் சீனாவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பிரிட்டன் 2015இல் ஷியை அரண்மனையில் வரவேற்றுப் பொற்காலம் என்றது, ஐந்தே ஆண்டில் சீன நிறுவனமான ஹுவாவேயின் கருவிகளைத் தன் 5ஜி வலையமைப்பிலிருந்து அகற்ற உத்தரவிட்டது.

நார்வேயின் அனுபவம் கடினமானது. 2010இல் சிறையிலிருந்த எழுத்தாளர் லியு ஷியாவ்போவுக்கு அமைதி நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசுக்குழு நார்வே அரசின் கட்டுப்பாட்டில் இல்லை. இருந்தும் சீனா அரசுமட்ட உறவை உறையவைத்தது, நார்வே சால்மன் மீன் சீனச் சுங்கத்தில் சோதனை என்ற பெயரில் தேங்கியது. ஆறு ஆண்டுகள் ஆயின. 2016 டிசம்பரில் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில், சீனாவின் மைய நலன்களைக் குலைக்கும் செயல்களை ஆதரிக்க மாட்டோம் என்று நார்வே எழுதிக்கொடுத்தது. லியு அடுத்த ஜூலையில், காவலில் இருந்தபடியே, இறந்தார்.